மூன்று நிமிடத்தில் அறுந்த பாட்டு

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் தேனக்கா. வைத்தவர்கள் பாராட்டாகத்தான் வைத்தார்கள். துணி துவைக்கும் மெஷின், ஃபிரிட்ஜ், அடுப்பு என்று வீட்டுச் சாமான் விற்கிற ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதினோரு வருடமாகப் போன் எடுக்கிறாள். மெஷின் தண்ணீரைக் கக்கி வீடே குளமான கோபத்தில் ஒரு ஆள் கத்திக்கொண்டு வருவார். மூன்றாவது நிமிடத்தில் அதே ஆள், "சரிம்மா, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க" என்று இறங்கிவிடுவார். அப்படி ஒரு குரல். ஒரு நாளைக்கு எண்பது பேர், எண்பது பேருக்கும் ஒரே குழைவு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், கணவர் "டீ போடவா?" என்று கேட்பதற்கு, "தொடர்பு கொண்டதற்கு நன்றி" என்று பதில் நாக்கு நுனிவரை வந்து நிற்கும்.

உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஆனால் அவளுக்கு உட்கார வராது. மேஜைக்குக் கீழே கால் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்து நாற்காலிக்காரி "அக்கா, எனக்கும் சேர்த்து ஆடுது" என்பாள். வீட்டில் ஃபிரிட்ஜைத் திறப்பாள், எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடுவாள். படித்த பேப்பரை மறுபடி மடிப்பாள், விரிப்பாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற கணவர் நல்ல மனுஷன், அதிகம் பேசாதவர். அவரே ஒரு நாள், "உன் காலுக்கு ஒரு பிரேக் கிடைக்குமான்னு விசாரிக்கிறேன்" என்றார். சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் எழுந்து போய் ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

போன வருடம் ஒரு மத்தியானம், துவைக்கும் மெஷின் ஓடவில்லை என்று ஒரு இளைஞன் கூப்பிட்டான். பின்பக்கம் ஒட்டியிருக்கிற எண்ணைப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். அவன் போனை எங்கேயோ வைத்துவிட்டு மெஷினை நகர்த்தப் போனான். இந்த மாதிரி நேரங்களில் அடுத்தவர் வீடு காதுக்குள் வந்துவிடும். குழந்தை அழுவது, குக்கர் கத்துவது, மாமியாரும் மருமகளும் வாய்ச்சண்டை போடுவது எல்லாம் அவளுக்குப் பழக்கம். அந்த வீட்டில் ஒரு ஆண் குரல் பேசிக்கொண்டிருந்தது. பேச்சுதான், ஆனால் அடியில் ஏதோ மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. பாடவில்லை, யாரையும் திட்டவில்லை, எதையும் விற்கவில்லை. மூச்சு வாங்குகிற சத்தத்தைக்கூட மறைக்காமல் தனக்குத்தானே கணக்குக் கேட்கிற மாதிரி இருந்தது.

"நண்பன் தோத்த அன்னிக்கு நாலு பேரு அழுதோம்,
அழுத நாலுல ஒருத்தனுக்கு உள்ள ஒரு நிமிஷம் ஆறுதல்.
அந்த ஒருத்தன் யாருன்னு அங்க இங்க தேடாதீங்க,
அவன் கையிலதான் இப்ப மைக் இருக்கு."

இளைஞன் மூச்சு வாங்க வந்து எண்ணைச் சொன்னான். அவள் குறித்துக்கொண்டாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, எழுதிக் கொடுத்த தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"அங்க ஓடுச்சே, அந்தப் பாட்டு என்னதுங்க?"

"அது பாட்டு இல்லீங்க, ஹிப் ஹாப். ஒருத்தன் புலம்புறான். ஈரச்சுவர்னு பேரு வச்சிருக்கான். முகத்தையே காட்ட மாட்டான்."

ஹிப் ஹாப் என்றால் தங்கச் சங்கிலி, பெரிய கார், கையை ஆட்டி ஆட்டி "நான் யார் தெரியுமா" என்று மிரட்டுவது, இதுதான் அவள் அறிந்தது. வீட்டுக்கு வந்து ஈரச்சுவரைத் தேடினாள். கேட்கிறவர்கள் மொத்தமே முந்நூறு பேர் இருக்கமாட்டார்கள். ஒரு பாட்டில் அவன், அப்பா வேலைவிட்டு வரும்போதெல்லாம் தூங்குவதுபோல நடித்ததைச் சொல்கிறான். இன்னொன்றில் அண்ணனுடைய புதுச்சட்டையை வேண்டுமென்றே ஆணியில் மாட்டிக் கிழித்ததைச் சொல்கிறான். அதற்கு ஒரு நியாயம் சொல்வான் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. "கிழிச்சேன்" என்பதோடு தாளம் நின்றுவிட்டது. அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். இதையெல்லாம் வெளியில் சொல்லலாமா? சொல்லிவிட்டு மறுநாள் எழுந்து பல் தேய்க்க முடியுமா?

சினிமாப் பாட்டு அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் அதில் எல்லோரும் நல்லவர்கள். அழுதாலும் அழகாக அழுகிறார்கள். இவன் அப்படி இல்லை. ஒரு வரிக்குள் நாலு எதுகையை முட்டிமோத விடுகிறான், நிற்கிறான், தடுமாறுகிறான், தன்னைத் தானே பிடித்துவிடுகிறான். அவள் மண்டைக்குள் நாள் முழுக்க ஓடுகிற ஓட்டத்துக்கு ஈடுகொடுத்து ஓடிய முதல் குரல் அதுதான். ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. மாறாக, கேட்கக் கேட்க இருப்புக் கொள்ளவில்லை. ஆனாலும் விடவில்லை, சொறியச் சொறிய சுகமும் எரிச்சலும் சேர்ந்து வருமே, அந்தக் கதைதான்.

கணவர் ஒரு தடவை அருகில் உட்கார்ந்து பொறுமையாக ஒரு பாட்டு முழுவதும் கேட்டார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பாவம், பையனுக்கு ஏதோ கஷ்டம்போல. யாராவது நல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகக்கூடாதா?" என்றார்.

"அவனுக்கு ஒண்ணும் இல்லீங்க. நமக்குத்தான்" என்றாள் அவள்.

கேட்டுக்கொண்டிருந்தவள் எழுத ஆரம்பித்தது எந்த நாளில் என்று அவளுக்கே தெரியாது. புகார் எண் குறிக்கிற தாளின் பின்பக்கத்தில் முதலில் இரண்டு சொல், பிறகு இரண்டு வரி. எதை எழுத உட்கார்ந்தாலும் பேனா ஒரே இடத்துக்குத்தான் போனது. நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம். அவள் அப்பா செத்துப்போன நாள்.

அந்தக் கதை குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவும் தம்பியும் மட்டும் அவள் பிறந்த வீட்டில் இருந்தார்கள். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். மூன்று மணிவாக்கில் அப்பாவின் போனிலிருந்து அவளுக்கு மூன்று அழைப்புகள் வந்தன. அவள் எடுக்கவில்லை. நாலு மணிக்குத் தம்பி ஆபீஸ் எண்ணுக்கே அடித்தான்; மேற்பார்வையாளர் வந்து அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஏன் எடுக்கவில்லை என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "போனை லாக்கர்ல வாங்கி வச்சுடுவாங்க" என்றாள். அது உண்மையான விதிதான். வேலை நேரத்தில் கைபேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது. எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். தம்பி ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்காரும்போது கம்பெனியைப் பிடித்துக்கொள்வான்: "வீட்டுலேர்ந்து போன் வந்தா எடுக்க முடியாதாம். அவனுங்க மனுஷனுங்களாக்கா? லாக்கராம் லாக்கர்!" அவள் தலையை ஆட்டிக்கொண்டே சோறு பரிமாறுவாள்.

நடந்தது வேறு. போன் லாக்கரில்தான் இருந்தது. ஆனால் லாக்கர் திறந்திருந்தது. இடைவேளை. அவள் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். போன் கைக்கு வந்துவிட்டது. "அப்பா" என்று திரை மின்னியது. அன்றைக்கு அதற்குள் அறுபத்தொரு பேரிடம் பேசியிருந்தாள். அப்பா கூப்பிட்டால் டி.வி. ரிமோட் வேலை செய்யவில்லை என்றுதான் இருக்கும். வாரத்துக்கு இரண்டு தடவை அதுதான். இன்னொரு ரிப்பேரா என்று நினைத்தாள். இன்னொரு முறை "சொல்லுங்க" என்று சொல்ல வாயைத் திறக்க முடியவில்லை. மின்னி அணைந்தது. மறுபடி மின்னியது. மூன்றாவது தடவையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். பிறகு பூட்டிவிட்டுப் போய் அறுபத்திரண்டாவது ஆளிடம் தேனாகப் பேசினாள்.

இதைக் கணவரிடம் சொன்னதில்லை. தனக்கே முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஈரச்சுவர் வந்த பிறகு, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எழுதினால் போதாது, தன் வாயால் சொல்லித் தன் காதால் கேட்க வேண்டும் என்று வெறி வந்தது. வீட்டில் எங்கே சொல்வது? கணவர் காதில் விழும். அலுவலகத்தில் ஒரு வழி இருந்தது. காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரும் காதில் மாட்டுகிற கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சோதனை எண். அதை அடித்துப் பேசினால், பேசியதைத் திருப்பிப் போட்டுக் காட்டும். எல்லோரும் "ஹலோ ஹலோ ஒண்ணு ரெண்டு" என்று ஐந்து விநாடியில் முடித்துவிடுவார்கள். நட்சத்திரப் பொத்தானை அழுத்தினால் அழிந்துவிடும் என்று அவள் நம்பினாள். சாப்பாட்டு நேரத்தில் கூடம் காலியானதும் சோதனை எண்ணை அடித்து, மைக்கை வாய்க்கு நெருக்கமாக இழுத்து, மேஜையைச் சுண்டுவிரலால் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"லாக்கர்ல போனுன்னேன், லேசாத்தான் சொன்னேன்,
கேட்டவங்க எல்லாரும் 'ஐயோ'ன்னாங்க, நின்னேன்.
லாக்கர் தொறந்திருந்துச்சு, போனு கையில இருந்துச்சு,
பேரு மின்னி மின்னிப் பேசாம அணைஞ்சுச்சு.
எண்பது பேருக்குத் தேனு, பெத்தவனுக்கு ஏன் வேம்பு?
எடுக்க வேண்டிய விரலுக்கு எங்கேர்ந்து வந்துச்சு வீம்பு?"

இன்னும் நீளமாகப் போனது. போய்க்கொண்டிருக்கும்போதே 'கிர்' என்று அறுந்தது. அந்த எண் மூன்று நிமிடம்தான் தாங்கும். திருப்பிப் போட்டுக் கேட்டாள். அந்தக் குரலில் குழைவே இல்லை. கரகரவென்று, மேல்மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் அம்மாவின் குரல் போலக்கூட இருந்தது. நட்சத்திரத்தை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனாள்.

நட்சத்திரம் அவள் காதிலிருந்துதான் அழித்தது. கம்பெனி எதையும் அழிப்பதில்லை.

அங்கே தர ஆய்வாளர் ஒருவர் உண்டு. எல்லோரும் அவரைக் 'காது' என்பார்கள், எதிரில் 'சார்'. நாள் முழுக்க மற்றவர்கள் பேசியதைக் கேட்டு மார்க் போடுவது அவர் வேலை. எல்லோருடைய அசடும் அவருக்குத் தெரியும் என்பதால் கேன்டீனில் யாரும் அவருடன் உட்காரமாட்டார்கள். எந்த அழைப்பைக் கேட்க வேண்டும் என்று கம்ப்யூட்டரே குருட்டாம்போக்கில் எடுத்துக் கொடுக்கும். ஐந்து விநாடிச் சோதனையெல்லாம் அதன் கண்ணில் படாது. மூன்று நிமிடம் என்றால் படும். எடுத்ததற்கு மார்க் போடாமல் அடுத்ததற்குப் போக விடாது. அறுபதுக்குக் குறைந்தால், பேசியவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக் காட்ட வேண்டும்; வெள்ளிக்கிழமை மொத்தக் குழுவுக்கும் போட்டுக் காட்ட வேண்டும்.

காது அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டபோது, யாரோ வாடிக்கையாளரின் புகார் என்றுதான் போனாள். அவர் ஒரு கருவியை அவள் பக்கம் நகர்த்தி, இன்னொன்றைத் தான் மாட்டிக்கொண்டார். "லாக்கர்ல போனுன்னேன்" என்று ஆரம்பித்ததும் அவள் காது மடல் இரண்டும் நெருப்பாகிவிட்டது. மூன்று நிமிடமும் அவர் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. திரையில் மார்க் தாளை ஏற்கெனவே நிரப்பியிருந்தார். வணக்கம் சொன்னாரா: பூஜ்யம். கம்பெனி பெயர் சொன்னாரா: பூஜ்யம். எதிராளியை இடைமறிக்காமல் கேட்டாரா: பத்து. அக்கறை: பத்து. கடைசியில் நன்றி: பூஜ்யம். மற்றதும் சேர்த்து மொத்தம் நாற்பத்தொன்று.

"இதுக்கு மேல எப்படிப் போடுறதுன்னு எனக்குத் தெரியல" என்றார் காது. கேலி இல்லை, நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார். "இது பாட்டுதானே? பாட்டுன்னா சொல்லுங்க, சோதனைன்னு எழுதி அறுபது போட்டு மூடிடுறேன். வெள்ளிக்கிழமை வராது."

"பாட்டுதான் சார்" என்றாள். நாலு வருடமாகப் பொய் சொன்ன பழக்கம், வாய் தயங்கவேயில்லை.

அவர் அறுபது போட்டார். அவள் எழுந்து கதவில் கை வைத்ததும், "ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

"கேளுங்க சார்."

"மூணு நிமிஷத்துல அறுந்துடுச்சு. அப்புறம் என்ன ஆச்சு?"

அவள் நின்றாள். அப்புறம் என்று ஒன்றும் இல்லை. எழுதியது அவ்வளவுதான், அறுந்த இடத்தில் அவளும் அறுந்துபோயிருந்தாள். "இன்னும் எழுதல சார்" என்றாள்.

"எழுதினா சொல்லுங்க" என்றார் காது. சொல்லிவிட்டு, சங்கடப்பட்டவர் மாதிரி அடுத்த அழைப்பைத் திறந்துகொண்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு வேலையில்லை. அப்புறம் என்ன ஆச்சு? பஸ்ஸில் ஏறினால் அது, பாத்திரம் கழுவினால் அது. ஒரு முடிவு எழுதினாள்: அப்பா கனவில் வந்து தலையைத் தடவுகிறார். படித்துப் பார்த்துக் கிழித்தாள், சினிமா. இன்னொன்று எழுதினாள்: மகள் கண்ணீர் வடித்து மன்னிப்புக் கேட்கிறாள், எதுகை அழகாக விழுந்தது. அதையும் கிழித்தாள். ஈரச்சுவர் ஒருநாளும் இப்படி மெழுகமாட்டான்; எது நடந்ததோ அதைச் சொல்லி நிறுத்துவான். கோபம் வந்தது. அவனுக்கென்ன, நடந்தது அவனுக்குத் தெரியும்! அவளுக்குத் தெரியுமா? மூன்று அழைப்பு அணைந்ததற்கும் நாலு மணிக்கும் நடுவில் அந்த வீட்டில் என்ன நடந்தது? அப்பா என்ன சொல்லக் கூப்பிட்டார்? கடைசியில் ஏதாவது சொன்னாரா? நாலு வருடமாக அவள் அதைத் தம்பியிடம் கேட்டதேயில்லை. கேட்டால் பேச்சு வளரும், வளர்ந்தால் லாக்கர் திறந்துகொள்ளும் என்று பயம். தெரிந்தால் தம்பி உறவை அறுத்துக்கொண்டு போய்விடுவான். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான்.

ஒன்பது நாள் இப்படி அலைந்தாள். பத்தாம் நாள் அரைநாள் லீவு போட்டாள்.

தம்பி டைல்ஸ் பதிக்கிற வேலை பார்க்கிறான். புதிதாக எழும்பும் ஒரு குடியிருப்பில் நாலாவது மாடி. லிப்ட் இன்னும் வரவில்லை. படியேறி மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தாள். கதவில்லாத வாசல்கள், சிமெண்ட் வாசனை. குளியலறையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, கலவையின்மேல் ஓடு வைத்து ரப்பர் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா இங்க? மாமாவுக்கு ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்லடா. ஒரு பாட்டு எழுதினேன். உன்கிட்ட சொல்லணும்."

"பாட்டா? நீயா?" வாய்விட்டுச் சிரித்தான். "சொல்லு சொல்லு. ஆனா கை நிக்காது, கலவை இறுகிடும்."

அவள் வாசலில் நின்றாள். அவன் தட்டினான், டைல்ஸை நகர்த்தினான், மறுபடி தட்டினான். அந்தத் தட்டுக்கு நடுவில் அவள் ஆரம்பித்தாள். காலி அறை ஒவ்வொரு சொல்லையும் இரண்டாக்கித் திருப்பித் தந்தது. முதல் வரிக்கு அவன் சிரித்தமுகமாகத்தான் இருந்தான். "லாக்கர் தொறந்திருந்துச்சு" என்றபோது சுத்தி ஒரு தட்டு தவறியது. "போனு கையில இருந்துச்சு" என்றபோது நின்றுவிட்டது. தாளம் இல்லாமலே அவள் மேலே போனாள், வேம்பும் வீம்பும் தாண்டி, அன்றைக்கு அறுந்த இடம் வரைக்கும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"அதுக்கப்புறம் எனக்குத் தெரியலடா" என்றாள். "அப்பா எதுக்குக் கூப்பிட்டாரு? என்ன சொல்ல நெனச்சாரு?"

தம்பி சுத்தியைத் தரையில் வைத்தான். கையில் ஒட்டியிருந்த கலவையைக் கால்சட்டையில் துடைத்தான். துடைத்த கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா கூப்பிடலக்கா."

"பேரு வந்துச்சேடா. மூணு தடவை."

"நான்தான் அடிச்சேன். என் போன்ல சார்ஜ் இல்ல, அப்பா போன எடுத்தேன். அப்பா ரெண்டரைக்கே போயிட்டாரு. தூங்குறாருன்னு நெனச்சேன். தொட்டுப் பாத்தேன்..." நிறுத்தினான். "என்ன பண்றதுன்னே தெரியல. யாரக் கூப்பிடுறது, கண்ண மூடணுமா, அப்படியே விடணுமா, ஒண்ணும் தெரியல. பயமா இருந்துச்சு. நீ எடுத்தா என்ன பண்ணணும்னு சொல்லுவேன்னு அடிச்சேன். ஒன்றரை மணி நேரம், நானும் அவரும் மட்டும்."

அவள் நாலு வருடமாகச் செத்தவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டவன் ஒவ்வொரு வருடமும் எதிரில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"லாக்கர்ல இருக்கு, அதான் அக்கா எடுக்கலன்னு அன்னிக்குப் பூரா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்" என்றான். "இல்லன்னா எடுத்திருக்கும்னு."

வாளியில் கலவை இறுகிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. முகத்தைத் தூக்கினான், முப்பத்தைந்து வயது ஆள், கண்ணில் அந்த மத்தியானம் அப்படியே இருந்தது.

"எடுத்திருக்கலாம்லக்கா?"

சமாதானப்படுத்த அவளிடம் நூறு வாக்கியம் இருந்தது, எல்லாம் மனப்பாடம். ஒன்றையும் அவள் எடுக்கவில்லை. ஈரத்தரை என்றும் பார்க்காமல் அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"எடுத்திருக்கலாம்டா" என்றாள்.